தரிசு என்று சொன்னவன்

ஆடி 2, வியாழன்

நான் சொல்லச் சொல்ல மருமகள் தங்கமாரி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. முப்பத்தொரு வருஷம் இந்த நெடுங்கரைப்பட்டிக்குத் தலையாரியாக இருந்தேன். சர்வேயருக்கு முன்னால் நடந்து எல்லைக்கல் காட்டினேன். கையெழுத்து கேட்ட இடத்தில் எல்லாம் கட்டைவிரலை உருட்டினேன். வயது எண்பத்தொன்று.

கண்மாய்ப் பாசன சங்கத் தலைவர் பால்சாமி நேற்று வந்தார். ஊருக்குக் கிழக்கே அறுபத்திரண்டு ஏக்கரில் சாயப்பொடி ஆலை கட்டப் போகிறார்களாம். ஆடி 28ஆம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அந்த இடத்துக்கு நடுவில்தான் நரியோடை போகிறது. மலையடிவாரத்துத் தண்ணீர் நம் கண்மாய்க்கு வர வேறு வழி கிடையாது. ஆனால் ஆலைக்காரர்களின் அறிக்கையில் அப்படி ஓர் ஓடையே இல்லை.

“இருளாண்டி அண்ணாச்சி, நீங்க வாயத் தொறந்தா சர்வே கல்லே பேசுன மாதிரி. மைக்குல மொதல்ல நீங்கதான். ஓடை இருக்குன்னு ஆபீசருக எழுதிக்கிட்டுப் போகணும். ஞாபகத்துல உள்ளத தேதி போட்டு எழுதி வைங்க, அம்புட்டுத்தான்.”

அறிக்கையின் சுருக்கம் என்று தமிழில் ஒரு புத்தகமும் கொடுத்துப் போனார். அதன் கடைசிப் பக்கங்களில் கடினமான சொற்களுக்கு அர்த்தம் போட்டிருக்கிறது. தினம் ஒன்றாகத் தங்கமாரி வாசிப்பாள். நான் பேசுகிற மாதிரி எழுதாதே, ஆபீசில் வாசிக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆடி 3, வெள்ளி

இன்றைய சொல்: அடிப்படை நிலை. ஒரு திட்டம் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதுதான் அடிப்படை நிலையாம். நல்ல சொல். ஆனால் எப்போது வந்து பார்த்தார்கள் என்று கேட்டேன். போன வருஷம் மாசி, பங்குனி, சித்திரை. மூன்று மாதம்.

கல்யாணத்துக்கு மறுவாரம் வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் பந்தியே நடக்கவில்லை என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது.

என் அடிப்படை நிலை மன்மத வருஷம் கார்த்திகை. எனக்குப் பன்னிரண்டு வயது. தங்கச்சி சீனியம்மாளுக்கு ஐந்து. இரண்டு நாள் விடாத மழை. கிழக்கே ஆட்டுக்கிடையில் இருந்த அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனோம். நரியோடையில் தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தேன். கஞ்சிக் கலயம் போய்விட்டது. செத்த நாய் ஒன்றும் யார் வீட்டு உரலோ ஒன்றும் உருண்டு போயின. மர உரல். இதைத் தங்கமாரி நம்பவில்லை. பிறகு எழுதினாள்.

பிங்கள வருஷம் இரண்டு தடவை வந்தது. ஆங்கீரச வருஷம் ஐப்பசியில் வந்தது, கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தது.

ஆடி 4, சனி

ரேஷன் கடையில் ரேகை விழவில்லை. நாலு தடவை வைத்தேன். நாளைக்கு வரச் சொன்னார்கள்.

ஆடி 6, திங்கள்

நில வகைப்பாடு. இதற்கு அர்த்தம் வாசிக்க வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். நஞ்சை, புஞ்சை, நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, தரிசு. எந்த நிலத்துக்கு எந்தப் பெயர் என்று கணக்கில் ஏறிவிட்டால் பிறகு நிலம் என்ன செய்தாலும் பெயர் மாறாது.

துந்துபி வருஷம், நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஊர் முழுவதையும் மறுபடி அளந்தார்கள். வழக்கம் என்னவென்றால், தலையாரி முன்னால் நடப்பான். சர்வேயர் நின்று, “இது என்னய்யா?” என்பார். தலையாரி சொல்வான், அவர் எழுதுவார். பேனா அவர் கையில், பெயர் என் வாயில். மாசி பதினெட்டு, புதன்கிழமை. சர்வேயர் தாமோதரன், நெட்டையான ஆள், காதில் பஞ்சு வைத்திருப்பார். நரியோடைக்கு வரும்போது உச்சிவெயில். பழைய படத்தில் அந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது. அவருக்கு மூன்று மணி பஸ். நரியோடை அன்று தரிசு என்று ஏறிவிட்டது.

“நீங்க கூட இருந்தீங்களா மாமா?”

“இருந்தேன்.”

“அவரு ஒங்ககிட்டக் கேக்கலையா?”

“நான் சொன்னத மட்டும் எழுது தாயி.”

அதையும் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

ஆடி 9, வியாழன்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன். வெள்ளாடு குட்டி போட்டது, இரண்டும் கிடா.

தணிப்பு நடவடிக்கை என்று ஒரு சொல். ஆலையால் வரும் கெடுதலைக் குறைக்க அவர்கள் செய்யப்போவது. மதிலைச் சுற்றி மூன்று வரிசை மரம் நடுவார்களாம்.

“அடிச்சு மண்டைய ஒடச்சுட்டு மஞ்சப்பத்துப் போடுறதுக்குப் பேரா மாமா?” என்றாள் தங்கமாரி. சிரித்தேன், பல் இன்னும் வலித்தது.

டீக்கடையில் எனக்கு இப்போது தனி மரியாதை. பெஞ்சில் இடம் விடுகிறார்கள். வருஷமும் தேதியும் கேட்டுப் பரீட்சை வைக்கிறார்கள். “தலையாரித் தாத்தா, எங்கப்பா பொறந்த கெழமை என்ன?” என்று ஒருவன் கேட்டான். சொன்னேன். “பொறந்த கெழமை சரி, கல்யாணம் எப்பப் பண்ணாருன்னு சொல்லீராதீக, கணக்கு ஒதைக்கும்” என்று அவன் கூட்டாளி சொல்ல, கடையே சிரித்தது.

நான் ஒரு விஷயத்தை இரண்டு விதமாகச் சொன்னதில்லை. அது ஊருக்குத் தெரியும்.

ஆடி 12, ஞாயிறு

பஞ்சாயத்து ஆபீசில் முழு அறிக்கையும் இருக்கிறது என்று பால்சாமி சொன்னார். தலையணை கனம் இருக்குமாம். வாங்கி வருகிறாராம். எதற்கு, சுருக்கமே போதும் என்றேன்.

தங்கமாரி ஆறாம் தேதி எழுதியதைத் திரும்ப வாசித்தாள். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வெயிலும் பஸ்ஸும் உண்மைதான். ஆனால் சர்வேயர் கேட்டார். “இது ஓடை மாதிரி இருக்கே?” என்று நின்று கேட்டார். நான்தான், “சும்மாப் பள்ளம் சாமி, தரிசுதான்” என்றேன்.

அந்த வருஷம் ஓடைக்குள் என் தங்கச்சி புருஷன் கொம்பையா சோளம் போட்டிருந்தான். அறுத்த கட்டை அப்படியே நின்றது. ஓடை என்று எழுதினால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும். தங்கச்சி வந்து அழுதாள். காலில் விழாத குறை. கூடப் பிறந்தவளுக்காகச் சொன்னேன்.

தண்ணீர் என்ன, கணக்குப் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் ஆயிற்று. ஆங்கீரச வருஷம் அது பாட்டுக்கு வந்தது. தரிசு என்ற பேர் இருந்ததால் கொம்பையாவுக்குப் பட்டாவும் கிடைத்தது. அவன் போனபிறகு மகன் குருசாமி அதை விற்றான். அது கை மாறிக் கை மாறி ஆலைக்குப் போய்விட்டது.

தங்கமாரி பேனாவை மூடிவிட்டு, “அத்தை அழுதாகளா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆடி 14, செவ்வாய்

நேற்று தங்கமாரி எழுத உட்காரவில்லை. பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கக் குவிந்து கிடக்கிறதாம். இன்றும் இவ்வளவுதான்.

ஆடி 18, சனி

பெருக்கு. ஆற்றுக்குப் போக ஆறு இல்லை. சித்ரான்னம் செய்தாள், வீட்டிலேயே சாப்பிட்டோம்.

பிறகு பால்சாமி கொண்டுவந்த பெரிய புத்தகத்தைப் புரட்டினாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். என்ன என்றேன். வாசித்தாள்.

“இணைப்பு ஏழு. உள்ளூர் மூத்தவரின் கூற்று. மேற்படி இடம் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தரிசு. அதில் நீரோட்டம் எதுவும் கிடையாது. இருளாண்டி, ஓய்வுபெற்ற கிராம உதவியாளர். இடது பெருவிரல் ரேகை.” வாசித்து முடித்து, “இது ஒங்க ரேகைதான மாமா?” என்றாள்.

என்னுடையதுதான். போன வருஷம் சித்திரை ஒன்பது, சனிக்கிழமை. காரில் மூன்று பேர் வந்தார்கள். அடிப்படை நிலை ஆய்வு என்று அப்போது சொல்லவில்லை. ஊரில் எல்லாம் தெரிந்த பெரியவர் யார் என்று விசாரித்தார்களாம், எல்லாரும் என்னைக் கையைக் காட்டினார்களாம். காருக்குள் குளுகுளுவென்று உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒரு சின்னப் பிள்ளை நான் சொல்வதை விடாமல் எழுதியது. நரியோடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, “ஐயா, சர்வே கணக்கில் இது தரிசு என்று இருக்கிறது, சரிதானே?” என்றது.

சரிதான் என்றேன்.

அப்போது என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. கொம்பையா செத்துப் பதினைந்து வருஷம். இல்லை, அது ஓடை, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொன்னால் என் ஞாபகத்துக்கு என்ன மரியாதை என்று நினைத்துவிட்டேன்.

“இத எழுதணுமா மாமா?”

“எழுது.”

“பால்சாமி சித்தப்பாவுக்குத் தெரியுமா?”

தெரியாது.

ஆடி 20, திங்கள்

பால்சாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மோட்டாருக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“கண்மாயி பாயுறது நூத்திநாப்பது ஏக்கர் அண்ணாச்சி. நம்ம தங்கமாரி வயலும் அதுலதான் இருக்கு. அவுக கார்ல உக்காந்து இப்படிச் சொல்லிட்டு, எங்கூட டீக்கடையில டீயும் குடிச்சீகளே.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“சரி, மைக்குல சொல்லீருங்க. மொதச் சொன்னது பொய்யின்னு எல்லாரு முன்னாடியும் சொல்லீருங்க. வேற வழியில்ல.”

திரும்பி வரும்போது மதகடியில் குருசாமி பிடித்துக்கொண்டான். பால்சாமி வீட்டு ஆட்கள் அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். “மாமா, ஓடைன்னு சொன்னா எங்கப்பன் பட்டா செல்லாது, நான் வித்ததும் செல்லாதுன்னு என்னத்தான் இழுப்பாக. பேசாம பல்லு வலின்னு வீட்டுல படுங்க” என்றான். பல் வலி நிஜம்தான்.

ஆடி 26, ஞாயிறு

இரண்டு கிடாவில் ஒன்று செத்துவிட்டது. சொல்ல வேண்டியதை மூன்று தடவை தங்கமாரியிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோல் இருந்தது.

ஆடி 28, செவ்வாய்

கூட்டம் முடிந்து வந்து சொல்கிறேன்.

பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேடையில் நடுவே கூட்டம் நடத்த வந்த அதிகாரி அம்மா, பக்கத்தில் ஆலைக்காரர்கள் மூன்று பேர். போலீசும் உண்டு. முதலில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். படத்தில் நம் ஊர் பச்சையாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவன், “இந்த ஊருக்கு எந்த பஸ்ஸுல போகணும்?” என்று கத்தினான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா, “உட்கார்ந்தே பேசுங்கய்யா” என்றார்கள். நின்றேன். மன்மத வருஷத்திலிருந்து ஆரம்பித்து நரியோடையில் தண்ணீர் வந்த வருஷம், மாதம், கிழமை, எத்தனை நாள், எங்கே உடைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

முடித்ததும் ஆலைக்காரர்களில் கண்ணாடி போட்டவர் எழுந்தார். இணைப்பு ஏழில் உள்ளதை வாசித்தார். “இது உங்க ரேகைதானே ஐயா?”

“என் ரேகைதான். அதுல உள்ளது பொய். துந்துபி வருஷம் சர்வேயர்ட்டச் சொன்னதும் பொய்.”

சலசலப்பு. “அடப்பாவி மனுசா” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“ரெண்டு தடவை பொய் சொன்னவர், மூணாவது தடவை சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி ஐயா நம்புறது?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஏன் பொய் சொன்னீர்கள்?” என்று அந்த அம்மா கேட்டார்கள். என் தங்கச்சி அழுததால் சொன்னேன் என்றேன். மைக்கில் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் சீனியம்மாள் இருந்தாள். எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

எனக்குப் பிறகு இருபது பேர் பேசினார்கள். எல்லாரும் ஓடை உண்டு என்றார்கள். வேறு ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை.

ஆடி 30, வியாழன்

சீனியம்மாள் வந்தாள். வாசல்படி ஏறவில்லை. கையில் குடை.

“நான் எப்பண்ணே ஒங்கிட்ட வந்து அழுதேன்?”

உள்ளே வா என்றேன்.

“துந்துபி மாசியில நான் ஊர்லயா இருந்தேன்? குருசாமியப் பெத்துட்டு சன்னி வந்து டவுன் ஆஸ்பத்திரியில ஒன்றரை மாசம் கெடந்தேன். நீதான் கேழ்வரகுக் கூழு கொண்டாந்த. எம்புருசன் ஓடைக்குள்ள சோளம் போட்டதே எனக்குத் திரும்பி வந்தப்புறந்தான் தெரியும். எதுக்குண்ணே எந்தலையில போட்ட?”

தங்கமாரி தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடிக்கவில்லை. போய்விட்டாள்.

இதை எழுத வேண்டாம் என்றேன். “தேதி போட்டு எல்லாத்தையும் எழுதச் சொன்னது நீங்கதான மாமா” என்றாள்.

ஆவணி 4, செவ்வாய்

சொல் எதுவும் வாசிக்கவில்லை.

ஆவணி 19, புதன்

கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருக்கிறார்கள். யார் என்ன சொன்னார்கள், அதற்கு ஆலை என்ன பதில் சொல்கிறது என்று கட்டம் போட்டிருக்கிறது. தங்கமாரி போனில் படம் எடுத்து வந்து வாசித்தாள்.

“வரிசை எண் ஒன்று. திரு. இருளாண்டி, வயது 81. திட்ட இடத்தில் ஓடை உள்ளது என்றும், தமது முந்தைய கூற்று தவறு என்றும் தெரிவித்தார். நிறுவனத்தின் பதில்: அன்னாரின் முந்தைய கூற்று அரசுக் கணக்குகளுடன் ஒத்துப்போகிறது. தற்போதைய கூற்றில் வயது முதிர்வால் நினைவுப் பிறழ்வு ஏற்பட்டிருக்கலாம். எனவே நீர்வழி மீதான தாக்கம் ஏதுமில்லை.”

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அதே மாதிரிதான் இருந்தது.

ஆவணி 21, வெள்ளி

டீக்கடையில் என் மேல் கோபம் குறைந்திருக்கிறது. “விடுங்க, வயசாச்சுன்னா அப்படித்தான். எங்காத்தாவுக்கும் இப்படித்தான் ஆச்சு” என்று ஒருவன் தோளைத் தட்டினான். யாரும் தேதி கேட்கவில்லை. பெஞ்சில் மட்டும் இடம் விட்டார்கள், நோயாளிக்கு விடுகிற மாதிரி.

மத்தியானம் குருசாமி வந்தான். மிக்சர் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். “மாமா, அவுகளே மறதின்னு எழுதிட்டாக. நல்லதாப் போச்சு. நீங்க பொய் சொன்னீகன்னு இனிமே எவனும் பேச மாட்டான். அம்மாவும், அண்ணனுக்கு மறந்து போயி எம்பேரச் சொல்லீருச்சுன்னு மனசு ஆறிட்டாக. நாளைக்கு வருவாக. இப்படியே விட்ருவோம்.”

பிறகு தங்கமாரியைப் பார்த்து, “மெட்ராஸுக்கு மனு எழுதப் போறதா ஊர்ல சொன்னாகளே, அதெல்லாம் வேணாம்” என்றான். அவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல ஏற்பாடுதான். தங்கச்சி திரும்பி வருவாள். ஊர் மன்னித்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று இருந்துவிட வேண்டியதுதான்.

ஆவணி 22, சனி

சீனியம்மாள் வந்தாள். படியேறி உள்ளே வந்து உட்கார்ந்தாள். “பல்லு எப்படிண்ணே இருக்கு?” என்றாள். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள். பணியாரம் கொண்டுவந்திருந்தாள். மெத்தென்று இருந்தது, சாப்பிட முடிந்தது. சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு வாயும் உள்ளே இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நாலு சாப்பிட்டேன்.

ஆவணி 23, ஞாயிறு

அனுமதி கொடுப்பது சென்னையில் இருக்கிற குழுவாம். அவர்கள் உட்காரும் முன்னால் மனு போய்ச் சேரவேண்டுமாம். காலையிலேயே தங்கமாரியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். பேனாவை எடுத்துக்கொண்டு, “மறதின்னு எழுதவா, மறக்கலைன்னு எழுதவா?” என்று கேட்டாள். இப்படி எழுது என்றேன்.

ஐயா, எனக்கு நினைவு பிறழவில்லை. கூட்டத்தில் நான் ஒரு பொய் சொன்னேன், அது ஓடையைப் பற்றி அல்ல. என் தங்கச்சி சீனியம்மாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் அப்போது ஆஸ்பத்திரியில், ஜன்னலை ஒட்டிய நாலாவது கட்டிலில் இருந்தாள்.

துந்துபி வருஷம் ஐப்பசி ஏழாம் தேதி அந்தச் சோளத்தை விதைத்தது கொம்பையாவும் நானும். ஏர் அவனுடையது, விதை என் வீட்டு விதை. விளைந்ததில் ஆளுக்குப் பாதி எடுத்தோம். தலையாரியே ஓடையை உழுதான் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். அதனால்தான் சர்வேயரிடம் தரிசு என்றேன். வேறு யாருக்காகவும் சொல்லவில்லை.

அங்கே ஏன் விதைத்தேன் என்று தாங்கள் கேட்க வேண்டும். யாரும் என்னை இதுவரை அதைக் கேட்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு வருஷமாக மழை இல்லை. ஊர்க் கிணறெல்லாம் வறண்டு கிடந்தது. கொம்பையாவும் நானும் கடப்பாரையோடு ஊர் எல்லை முழுக்கச் சுற்றி, பதினொரு இடத்தில் தோண்டிப் பார்த்தோம். பத்து இடத்தில் புழுதி. நரியோடையில் மட்டும் ஒரு முழம் தோண்டியதும் மண் கையில் ஒட்டியது. கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அது ஓடை என்று தெரிந்துதான் அங்கே விதைத்தோம்.